வெள்ளை மாளிகையும் கருப்புக் கரங்களும்

"வெள்ளை மாளிகை கூறுகிறது", "வெள்ளை மாளிகை எச்சரிக்கிறது", "வெள்ளை மாளிகை மறுக்கிறது" என்று நாள்தோறும் ஏடுகளில் படிக்கிறோம். கல்லும் காரையும் கலந்து கட்டிய கட்டடத்துக்கு வாய் ஏது? ஆனாலும் அது பேசுகிறது. உலகம் காது கொடுத்துக் கேட்கிறது. அந்த மாளிகை உலகுக்குச் சொல்லும் செய்திகளை அலச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது தன்னைப் பற்றிச் சொல்லாமல் நெடுங்காலம் மூடி வைத்திருந்த செய்தியைத்தான் நாம் இன்று பேச விரும்புகிறோம், தோழர்களே!

முதலில் அந்த வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. 1814-ஆம் ஆண்டு ஆங்கிலப் படை அந்த மாளிகைக்குத் தீ வைத்தது. கரி படிந்த சுவரை மறைக்க வெள்ளைப் பூச்சு பூசினார்கள். அதனால்தான் வெள்ளை மாளிகை எனப் பெயர் வந்தது - இப்படி ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. கேட்க இனிய கதை. ஆனால் கதைதான்! வெர்ஜீனியாவிலுள்ள ஆக்வியா ஓடைக் கரையில் வெட்டி எடுத்த மணற்கல் அந்தச் சுவர். நீரை உறிஞ்சும் கல். குளிர்காலத்தில் உள்ளே போன நீர் உறைந்தால் கல் வெடித்துப் போகும். அதைத் தடுக்க 1798-ஆம் ஆண்டே, அதாவது தீ வைப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, சுண்ணாம்பு அடித்தார்கள். பொங்கலுக்கு நம் வீட்டுச் சுவருக்கு அடிக்கிறோமே, அந்தச் சுண்ணாம்பின் அண்ணன் தம்பிதான்! உலகையே ஆட்டிப் படைப்பதாகச் சொல்லப்படும் மாளிகைக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு வாளிச் சுண்ணாம்பு.

சரி, அந்தக் கல்லை வெட்டியவன் யார்? வாளியைத் தூக்கியவன் யார்?

வரலாற்று நூலைப் புரட்டினால், இடம் தேர்ந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் என்றிருக்கும். அயர்லாந்திலே பிறந்த ஜேம்ஸ் ஹோபன் போட்டியிலே வென்று வரைபடம் தந்தார் என்றிருக்கும். 1792-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது என்றிருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் வரைபடம் தானாக எழுந்து நின்று மாளிகையாகி விடுமா? புதிய தலைநகரை அமைக்க நியமிக்கப்பட்ட ஆணையர்கள், முதலில் ஐரோப்பாவிலிருந்து தொழிலாளர்களை வரவழைக்கத்தான் எண்ணினார்கள். அழைப்புக்கு வந்தவர்கள் மிகச் சிலர். சேறும் காடுமாய்க் கிடந்த ஊருக்குக் கடல் கடந்து யார் வருவார்? உடனே அருகிலேயே, கைக்கெட்டிய தூரத்திலேயே, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையற்ற உழைப்பாளிகள் இருப்பது அவர்களுடைய நினைவுக்கு வந்தது.

மேரிலாந்திலும் வெர்ஜீனியாவிலும் பண்ணையார்களிடம் அடிமைகளாய் இருந்த கருப்பின மக்களைக் கூலிக்குப் பேசினார்கள். ஸ்காட்லாந்துக் கல்தச்சர் காலின் வில்லியம்சன் ஆக்வியா கல்குவாரியிலேயே அவர்களுக்குக் கல்வெட்டும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அவர்கள் கல் வெட்டினார்கள், மண் குழைத்துச் செங்கல் அறுத்தார்கள், மரம் அறுத்தார்கள், இழைத்தார்கள். அவர்களோடு கூலி பெற்ற வெள்ளையரும், அடிமைத்தளை நீங்கிய கருப்பரும், அயர்லாந்து ஸ்காட்லாந்து நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரும் வேலை செய்தார்கள். ஒரே சாரம், ஒரே வெயில், ஒரே வியர்வை! சம்பள நாளில் மட்டும் வேறுபாடு. மற்றவன் கூலியை அவன் வாங்கினான். அடிமையின் கூலியை அவனுடைய எசமான் வாங்கினான்.

இது நாம் புனைந்து கூறுவதல்ல. 1795-ஆம் ஆண்டின் தச்சர் சம்பளப் பட்டியல் அமெரிக்க நாட்டின் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது. அதிலே பீட்டர், பென், ஹாரி, டேனியல் என்று பெயர்கள். வெறும் பெயர்கள், குடும்பப் பெயர் கிடையாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடும்பப் பெயர் உண்டா, அவனுக்கு மட்டும் எதற்கு என்பது அந்தக் காலத்துக் கணக்கு! அவர்களுள் சிலரின் எசமான் யார் தெரியுமா? வரைபடம் தந்த ஜேம்ஸ் ஹோபனே! அவர் வரைந்த வரைபடத்துக்கும் பணம். அவருடைய அடிமை பிடித்த உளிக்கும் பணம். இரண்டும் ஒரே பைக்குள் போயின.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776-ஆம் ஆண்டில் முழங்கிய நாடு, இருபது ஆண்டுகூட ஆகாத நிலையில் எழுதி வைத்த சம்பளப் பட்டியல் இது. இரண்டு காகிதங்களும் இன்று அதே காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஒன்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்து உலகுக்குக் காட்டினார்கள். மற்றதைத் தேடிப் போனவர்கள் மட்டுமே கண்டார்கள்.

இடம் தேர்ந்த வாஷிங்டன் அந்த மாளிகையில் ஒருநாளும் குடியிருக்கவில்லை. 1799-லேயே மறைந்து விட்டார். 1800-ஆம் ஆண்டு நவம்பரில் முதலில் குடிபுகுந்தவர் ஜான் ஆடம்ஸ். அப்போது வேலை பாதிதான் முடிந்திருந்தது. அவருடைய துணைவியார் அபிகெய்ல், இன்று விருந்தும் இசையும் நடக்கும் கிழக்குக் கூடத்திலே கொடி கட்டித் துவைத்த துணிகளைக் காய வைத்தார். நம் வீட்டுத் தாய்மார்கள் கேட்டால் மகிழ்வார்கள்! குடியேறிய மறுநாள் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய மடலில், நேர்மையும் அறிவும் உள்ளவர்களே இந்தக் கூரையின்கீழ் ஆளவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அந்த வாசகத்தை 1945-ஆம் ஆண்டு பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், விருந்து மண்டபத்துக் கணப்படுப்பின்மேல் செதுக்க ஏற்பாடு செய்தார். வேண்டுதல் எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்பதை அமெரிக்க வாக்காளர்களே சொல்லட்டும்.

இனி அந்தத் தீயைப் பற்றி. 1814 ஆகஸ்டு 24. ஆங்கிலப் படை நெருங்குகிறது. மாளிகையிலே குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசன் இல்லை. அவருடைய துணைவியார் டாலி இருக்கிறார். ஓடிவிட வேண்டிய நேரம். சுவரிலே வாஷிங்டனின் ஆளுயர ஓவியம், கில்பர்ட் ஸ்டூவர்ட் தீட்டியது, மாட்டியிருக்கிறது. அது பகைவன் கையில் சிக்கக்கூடாது என்கிறார் டாலி. பின்னாளில் பாடப்புத்தகங்கள் என்ன எழுதின? அந்த அம்மையாரே கத்தியெடுத்துச் சட்டத்திலிருந்து ஓவியத்தை அறுத்தெடுத்து, நெஞ்சோடணைத்து ஓடினார் என்று! வீராங்கனைக்கு ஏற்ற காட்சி. மேடையில் நடித்தால் கைத்தட்டல் அதிரும்.

அன்று அந்த வீட்டிலே பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பால் ஜென்னிங்ஸ் என்று பெயர். மேடிசனின் அடிமை. மூன்று மணி விருந்துக்கு மேசையிலே தட்டும் கோப்பையும் அடுக்கியவன் அவன். ஐம்பதாண்டு கழித்து, 1865-ஆம் ஆண்டில், அவனுடைய நினைவுகள் நூலாக வெளிவந்தன. மாளிகைக்குள் வாழ்ந்த ஒருவர் தந்த முதல் நினைவு நூல் என்று அதை இன்று போற்றுகிறார்கள். அதிலே அவர் - இனி 'அவர்' என்றே சொல்வோம் - அந்தக் கத்திக் கதை முழுப் பொய் என்கிறார். அம்மையாருக்கு அதற்கு நேரமே இல்லை. ஏணியில்லாமல் ஓவியத்தை எட்டவே முடியாது. அதை இறக்கி வண்டியேற்றி அனுப்பியவர்கள் வாயிற்காப்பாளர் சூசாவும் தோட்டக்காரர் மக்ராவும் என்கிறார். "படை வருகிறது, வெளியேறுங்கள்" என்று குதிரையில் பாய்ந்து வந்து தொப்பியை வீசிக் கத்தியவர்கூட, ஜேம்ஸ் ஸ்மித் என்ற கருப்பினத் தோழர்தான். ஆணையிட்டது அம்மையார், அதற்குரிய பெருமை அவருக்குத்தான். ஆனால் ஏணி ஏறியவன், சுமந்தவன், செய்தி சொன்னவன் இவர்களுக்குக் கதையில் ஒரு வரிகூட ஒதுக்க ஆசிரியர்களுக்கு மனம் வரவில்லையே! வந்த ஆங்கிலத் தளபதிகள் அடுக்கி வைத்த விருந்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் தீ வைத்தார்களாம். சமைத்தவனுக்கும் பரிமாறியவனுக்கும் அன்றும் நன்றி இல்லை.

ஜென்னிங்சின் பிற்கால வாழ்வையும் கேளுங்கள். 1847-ஆம் ஆண்டு செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார். இலவசமாக அல்ல, திங்களுக்கு 8 டாலர் வீதம் உழைத்துக் கழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கணக்குப் போடுங்கள், தோழர்களே: ஒரு மனிதனின் விடுதலைக்கு விலை பதினைந்து திங்கள் உழைப்பு! அதே காலத்தில் டாலி மேடிசன் வறுமையில் வாடினார். முன்னாள் அடிமை, தன் பையிலிருந்து அவ்வப்போது சிறு தொகை எடுத்து முன்னாள் எசமானிக்குக் கொடுத்திருக்கிறார். பெருந்தன்மை மாளிகையிலா பிறக்கிறது?

அந்த ஓவியம் இன்றும் கிழக்குக் கூடத்தில் இருக்கிறது. மாளிகையின் கலைச் செல்வத்தில் மிக நீண்ட காலமாக அங்கே இருப்பது அதுதான். அதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மேசைக்கடியில் தீட்டப்பட்டுள்ள புத்தகத்தின் முதுகில் நாட்டின் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது! நம் அச்சுக்கூடத்து நண்பர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். 2009-ஆம் ஆண்டில், கருப்பினத் தலைவர் பராக் ஒபாமா அந்த மாளிகையில் குடியிருந்தபோது, ஜென்னிங்சின் வழித்தோன்றல்கள் அங்கு சென்று அந்த ஓவியத்தின் முன் நின்றார்கள். எடுத்து வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்க்க 195 ஆண்டுகள் ஆயின.

எரிந்த மாளிகையை ஹோபனே திரும்பக் கட்டினார். 1817-ல் மன்ரோ குடிபுகுந்தார். பிற்காலத்தில் பூச்சை உரித்தபோது தீயின் கருப்புத் தழும்பு கல்லிலே தெரிந்தது. அதை இரண்டொரு இடத்தில் பூசாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல வழக்கம்!

வழக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த மாளிகையின் மரபுகளிலே நம் மனத்துக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. அங்கே இருப்பவர் குடியிருப்பவர்தான், வீட்டுக்காரர் அல்லர்! வாடகை கிடையாது என்பது மெய். ஆனால் தன் குடும்பம் உண்ட உணவுக்குத் திங்கள்தோறும் கணக்கு வரும். தலைவர் தம் பணத்திலிருந்து கட்ட வேண்டும். பதவி மாறும் சனவரி 20-ஆம் நாள், பழையவரும் புதியவரும் பதவியேற்பு விழாவில் இருக்கும் சில மணி நேரத்துக்குள், ஊழியர்கள் ஒருவர் பெட்டியை வெளியேற்றி மற்றவர் பெட்டியை உள்ளே அடுக்கி முடித்து விடுவார்கள். தலைவர்கள் மாறுவார்கள்; ஊழியர்கள் இருப்பார்கள். யூஜீன் ஆலன் என்ற கருப்பினத் தோழர் 1952-ல் சரக்கறை வேலைக்குச் சேர்ந்து 1986 வரை, எட்டுத் தலைவர்களுக்குப் பரிமாறினார். எட்டுப் பேரின் பெயர் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். அவர்களுக்குப் பிடித்த குழம்பு எது என்பது ஆலனுக்குத்தான் தெரியும்.

குடியிருப்பவர் வீட்டுப் பொருளை விற்கலாமா? விற்றார்கள்! 1882-ல் செஸ்டர் ஆர்தர் என்ற தலைவர், பழையன கழிதல் என்று 24 வண்டிச் சாமான்களை ஏலம் போட்டார். 1961-ல் ஜாக்குலின் கென்னடி அம்மையார் வந்து, தேடித் தேடிப் பழம் பொருள்களைத் திரும்பச் சேர்த்தார். அதே ஆண்டு சட்டமும் வந்தது. கலைச் சிறப்பும் வரலாற்றுச் சிறப்பும் உள்ள பொருள்கள் மாளிகைக்கே உரியவை, இனி எந்தத் தலைவரும் விற்கவோ வழங்கவோ முடியாது என்று. நாற்காலியைக் காக்கச் சட்டம் வந்தது, நல்லதுதான்.

தட்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1981 செப்டம்பரில், ரீகன் காலத்தில், 4,370 உருப்படிகள் கொண்ட பீங்கான் தட்டு வரிசை, இரண்டு லட்சம் டாலருக்கு மேல். நன்கொடைப் பணம்தான் என்றார்கள். ஆனால் அதே திங்களில்தான், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் தக்காளிக் கெட்ச்சப்பையும் காய்கறியாகக் கணக்கிட இடம் தரும் விதி வருகிறது என்று நாடெங்கும் கூச்சல் எழுந்தது. மாளிகைத் தட்டில் தங்கக் கரை. மாணவன் தட்டில் கெட்ச்சப்! விதியைத் திரும்பப் பெற்றார்கள். தட்டு இருக்கிறது.

யார் அந்தத் தட்டிலே உண்ணலாம் என்பதற்கும் போராட்டம் நடந்திருக்கிறது. 1901 அக்டோபர் 16-ஆம் நாள், அடிமையாய்ப் பிறந்து ஆசானாய் உயர்ந்த புக்கர் வாஷிங்டனைத் தியடோர் ரூஸ்வெல்ட் விருந்துக்கு அழைத்தார். தெற்கத்தி ஏடுகள் கொதித்தன. நாகூசும் வசைகளை அள்ளிக் கொட்டின. கருப்பன் கட்டலாம், கருப்பன் சமைக்கலாம், கருப்பன் பரிமாறலாம். உட்கார்ந்து உண்டால் மட்டும் உலகம் கவிழ்ந்துவிடும்! பந்தியிலே மனிதனைப் பிரிக்கும் நோய் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'வெள்ளை மாளிகை' என்ற பெயரை அரசு முறையில் சூட்டியதும் அதே ரூஸ்வெல்ட், அதே 1901-ல்.

சுவரிலே தொங்கும் ஓவியங்களிலும் இதே கதைதான். கருப்பின ஓவியர் ஒருவரின் படைப்பு அந்த மாளிகையின் நிலையான தொகுப்பில் முதன்முதலாக இடம்பெற்றது 1996-ல். ஹென்றி டானர் தீட்டிய கடற்கரை மணல்மேட்டுக் காட்சி. 2007-ல் ஜேக்கப் லாரன்சின் ஓவியம் வந்தது. அதன் பெயரே 'கட்டுபவர்கள்'. 1947-ல் தீட்டியது. கட்டட வேலை செய்யும் உழைப்பாளிகள்தான் அதன் பொருள். கட்டியவர்கள் உள்ளே நுழைந்து இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, கட்டுபவர்களின் படம் உள்ளே நுழைந்தது! 2016-ஆம் ஆண்டு மிசேல் ஒபாமா அம்மையார், அடிமைகள் கட்டிய வீட்டில் தாம் நாள்தோறும் கண்விழிப்பதாக மாநாட்டு மேடையிலே சொன்னபோது, அப்படியா, உண்மையா என்று பலர் வியந்து கேட்டார்கள். சம்பளப் பட்டியல் அப்போதும் அங்கேதான் இருந்தது.

இவ்வளவும் இப்போது ஏன்? 2025 அக்டோபர் 20-ஆம் நாள் அந்த மாளிகையின் கிழக்குப் பிரிவை இடிக்கும் இயந்திரம் கடித்தது. சில நாட்களில் தரைமட்டம். அங்கே பெரியதொரு நடன மண்டபம் எழுப்புவது டொனால்டு டிரம்ப்பின் திட்டம். சூலையில் அறிவித்தபோது, இருக்கும் கட்டடத்தை அது தொடாது என்றவரும் அவரே. செல்வர்களும் நிறுவனங்களும் தரும் நன்கொடையில் கட்டுகிறேன், மக்கள் பணமல்ல என்றார்.

மண்டபமே கூடாது என்பது நம் கட்சியல்ல. பெரும் விருந்துக்குப் புல்வெளியிலே கூடாரம் அடிக்கும் நிலை அங்கு இருந்தது உண்மை. முன்னே இருந்தவர்களும் மாற்றினார்கள், கூட்டினார்கள் என்ற வாதமும் பொய்யல்ல; அந்தக் கிழக்குப் பிரிவே 1902-ல் தோன்றி 1942-ல் விரிந்ததுதான். ட்ரூமன் காலத்திலே, 1948-ல், அவருடைய மகளின் பியானோக் கால் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. கட்டடம் நின்றது பழக்க தோஷத்தால் என்ற நிலை! அப்போது என்ன செய்தார்கள்? 1949-ல் சட்டமன்றம் ஒரு குழு அமைத்தது; பணம் ஒதுக்கியது; விவாதித்தது. முழுதும் இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. வேண்டாம், வெளிச்சுவர் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. உள்ளே தோண்ட வேண்டிய இயந்திரத்தைச் சுவரை உடைத்து நுழைக்காமல், பிரித்து எடுத்துச் சென்று உள்ளே பூட்டினார்கள். அந்த அடிமைத் தோழர்கள் வெட்டிய கல் அதனால் தப்பியது. 1952 மார்ச்சில்தான் ட்ரூமன் திரும்பக் குடிபுகுந்தார். அதுவரை தெருவுக்கு அப்பாலிருந்த வேறொரு வீட்டில் வாசம்.

அன்று வீட்டுக்காரரைக் கேட்டார்கள். 2025-ல் முதலில் இடித்தார்கள். கேள்வி பிறகு வந்தது. வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசிய அறக்கட்டளை, நிறுத்துங்கள் என்று அக்டோபரில் மடல் எழுதியது. டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. பழங்கட்டடப் பாதுகாப்புக்கென்று 1966-ல் செய்த சட்டத்திலே வெள்ளை மாளிகைக்கு விலக்கு இருக்கிறது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் சட்டம்; தலைவன் வீட்டுக்கு விலக்கு!

நன்கொடையாளர் பணம் என்பதைத்தான் நாம் இன்னும் கவலையோடு பார்க்கிறோம். வரிப்பணத்தில் கட்டினால் கட்டியவர் மக்கள். கோடீசுவரன் பணத்தில் கட்டினால் அந்த மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலி யாருக்கு?

இன்னொன்று. சுற்றிப் பார்க்க வரும் பொதுமக்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள் தெரியுமா? அந்தக் கிழக்குப் பிரிவின் வழியாகத்தான். ஒரு காலத்தில், புத்தாண்டு நாளில் வரிசையில் நின்ற எவரும் உள்ளே சென்று தலைவரின் கையைக் குலுக்கலாம்; ஆடம்ஸ் காலத்தில் 1801-ல் தொடங்கிய அந்த வழக்கம் 1932-ல் ஹூவரோடு நின்றது. 1837-ல் ஜாக்சன், 1,400 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டியை முன்கூடத்தில் வைத்து வந்தவர்களெல்லாம் வெட்டித் தின்னட்டும் என்று விட்டார். இரண்டு மணி நேரத்தில் காலி. நாற்றம் மட்டும் நாள்பட நின்றதாம்! ஜாக்சனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வாசல் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறோம். அது சுருங்கிச் சுருங்கி, முன்கூட்டி விண்ணப்பித்து, சீட்டு வாங்கி, கிழக்குப் பக்கமாக நுழைவது என்ற அளவுக்கு வந்து, கடைசியில் அந்த வாசலும் இடிபாடாய் லாரியில் போயிற்று.

அங்கே எழும் எந்த மண்டபத்துக்கும் நன்கொடையாளர் பட்டியல் ஒன்றைப் பொறிப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். பொறிக்கட்டும். அதற்கு மேலே, மக்கள் நுழையும் வாசலிலே, பீட்டர், பென், ஹாரி, டேனியல் என்ற நான்கு பெயர்களைப் பொறிக்கும்படி அந்த நாட்டுத் தொழிலாளர் சங்கங்கள் கேட்க வேண்டும். கொடுத்தவர்கள் பட்டியலில் அவர்கள்தான் முதலில் வருகிறவர்கள். 1795-ஆம் ஆண்டுக் கணக்கு அது. கூலி இன்னும் பட்டுவாடா ஆகவில்லை.